ஏழு நாள் ஆப்சென்ட்: ஒரு முதலாண்டு மாணவியின் முதல் இணைய வகுப்புகள்

2020 நவம்பரில் எங்கள் கல்லூரியின் முதலாண்டு பி.காம். வகுப்புகள் இணையத்தில் தொடங்கின. நான் எடுத்தது நிதிநிலைக் கணக்கியல். இரண்டாவது வாரம் முடியும் தறுவாயில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது ஒரு மாணவியின் பெயருக்கு நேரே ஏழு வகுப்புக்கும் வரிசையாக ஆப்சென்ட் இருந்தது. முதல் ஒப்படைப்பும் வரவில்லை. வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை. துறையில் விசாரித்தேன். "அந்தப் பொண்ணு டிஸ்கன்டினியூ பண்ணிடும் போல, மேடம்" என்றார் உடன் பணிபுரியும் ஒருவர். கொரோனா வருடம் அது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்கள், அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டவர்கள் என்று எங்களுக்குத் தெரிந்தே சிலர் இருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மனசு கேட்காமல் சேர்க்கை விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அது அம்மாவின் பட்டன் போன். "பாப்பா கிளாஸ்லதாங்க உக்காந்திருக்குது, அண்ணன் போன்ல" என்றார் அந்த அம்மா. மணி பதினொன்றரை. அது ஆங்கிலப் பாட நேரம். வகுப்பு முடிந்ததும் பேசச் சொல்லுங்கள் என்றேன். அரை மணி கழித்து அழைப்பு வந்தது. அவள் முதலில் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்: "மேடம், எல்லா கிளாசுக்கும் போறேன். உங்க கிளாசுக்கு மட்டும் என்னை உள்ள விட மாட்டேங்கறீங்க."

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்கியது. அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன். 2021 பிப்ரவரியில் கல்லூரி திறந்த பிறகு, முதல் நாட்களில் ஒவ்வொரு செயலியையும் பார்த்தபோது என்ன தோன்றியது என்று எழுதித் தரச் சொன்னேன். நோட்டில் நான்கு பக்கம் எழுதித் தந்தாள். கீழே வரும் அவள் வார்த்தைகள் அந்த நோட்டிலிருந்தும் எங்கள் போன் பேச்சிலிருந்தும் எடுத்தவை.

வீடும் போனும்

மரக்காணம் பக்கம், உப்பளங்களை ஒட்டிய கிராமம். அப்பா உப்பளத் தொழிலாளி. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் தண்ணீர் ஏறிவிடும். தை பிறந்து வெயில் வரும்வரை அளத்தில் வேலை இருக்காது. ஆக, வகுப்புகள் தொடங்கிய நவம்பர் என்பது அந்த வீட்டில் வருமானமே இல்லாத மாதம். அண்ணன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தவர், ஊரடங்கில் வேலை போய் வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவருடையது. மூலையில் திரை விரிசல், தினம் 1.5 ஜிபி ரீசார்ஜ். அவர் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினியும் இருந்தது. ஆனால் பேட்டரி போய்விட்டதால் பிளக்கில் செருகியிருக்கும்வரைதான் ஓடும்.

அவளுடைய பள்ளிப் படிப்பு முடிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 24 பிளஸ் டூவின் கடைசித் தேர்வு நாள். வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கு அன்று கணக்குப்பதிவியல். அன்று மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. பற்றும் வரவும் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த பெண், அதன்பின் ஏழு மாதம் எந்த வகுப்பிலும் உட்காரவில்லை. புதிய பாடத்திட்டத்தின் முதல் பிளஸ் ஒன் தொகுதியைச் சேர்ந்தவள் அவள். புத்தகத்தில் ஆங்காங்கே கியூஆர் கோடு அச்சிட்டிருந்த காலம். "அந்தக் கட்டத்தை ரெண்டு வருஷம் பார்த்திருக்கேன். அதுக்குள்ள பாடம் இருக்குன்னு தெரியும். போன் வச்சுப் பார்த்ததில்ல" என்று எழுதியிருந்தாள். சொந்தமாக மின்னஞ்சல் முகவரி கிடையாது. வைத்துக்கொள்ளத் தேவையும் வந்ததில்லை.

கதவு

எங்கள் வகுப்பு கூகுள் மீட்டில் நடந்தது. லிங்க்கை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவேன். அழைப்புப் பட்டியலில் இல்லாத கணக்கிலிருந்து யாராவது தட்டினால் என் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். இன்னார் உள்ளே வரக் கேட்கிறார், விடலாமா, மறுக்கலாமா? அவள் தட்டியதெல்லாம் அண்ணன் போனில், அண்ணன் கணக்கில். எனவே எனக்குத் தெரிந்தது பட்டியலில் இல்லாத ஓர் ஆணின் பெயர். லிங்க் கைமாறி, சம்பந்தமில்லாதவர்கள் வகுப்புக்குள் நுழைந்து கத்துவதும் அசிங்கமாகப் பேசுவதும் அந்த மாதங்களில் பல இடங்களில் நடந்துகொண்டிருந்தன. மாணவிகள் அதிகமுள்ள வகுப்பு வேறு. தெரியாத பெயரை விடக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. ஏழு நாளும் மறுத்தேன். அதற்கு ஒரு நொடிகூட யோசித்ததாக நினைவில்லை.

அவள் பக்கம் என்ன நடந்தது? அழைப்பில் இருக்கும் ஒருவர் உங்கள் கோரிக்கையை மறுத்துவிட்டார் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழ்வழியில் படித்தவள்தான், ஆனால் அந்த வரி அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. அவள் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இது:

"ஒருவர் என்று போட்டிருந்தது. கிளாஸில் மேடம்தானே அப்படிச் செய்ய முடியும். ஃபீஸ் இரண்டாவது தவணை கட்டவில்லை, அதனால் விடவில்லை என்று நினைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கடன் வாங்கப் போவார்."

இதை முதலில் வாசித்தபோது நோட்டை மூடி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த பக்கத்துக்குப் போக முடிந்தது. ஏழு வகுப்புக்கும், காலை பத்து மணிக்கு அவள் லிங்க்கைத் தொட்டிருக்கிறாள். மறுப்பு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தை எடுத்துத் தானே படித்திருக்கிறாள். ஒரு நாளும் தவறவில்லை.

நேரடி வகுப்பில் தாமதமாக வரும் பிள்ளை வாசலில் நிற்கும்போது முகம் தெரியும். மூச்சு வாங்குவது தெரியும், பஸ் போய்விட்டது என்று கேட்காமலே புரியும். திரையில் எனக்கு வந்ததெல்லாம் ஒரு பெயர், அதுவும் அவள் பெயர் இல்லை. அந்தப் பெயரோடு கூட, 'நான் இன்ன எண், அண்ணன் போனிலிருந்து வருகிறேன்' என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். அப்படிப் போடலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆசிரியர் மறுத்த பிறகு ஏன் என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதாகிவிடும் என்பதுதான் அவள் பள்ளியில் பழகியிருந்த மரியாதை.

மைக்

மற்ற வகுப்புகளில் அவளை உள்ளே விட்டார்கள். அங்கும் அவள் ஆப்சென்ட்தான். சிலர் செயலியில் தெரியும் பெயர்ப் பட்டியலை வைத்து வருகை போட்டார்கள். அதில் அண்ணன் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. பெயர் கூப்பிட்டு வருகை எடுத்த வகுப்பில் அவள் மைக்கைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். முதல் நாள் திறந்திருக்கிறாள். ஊரில் டவர் சரியாகக் கிடைப்பது தண்ணீர் டேங்க் படிக்கட்டில்தான், அங்கே உட்கார்ந்திருந்தாள். "பிரசென்ட் மேடம்" என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் கீழே குழாயடியில் இரண்டு பெண்கள் சத்தமாகச் சண்டை போட்டது வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறது. சாட்டில் யாரோ சிரிப்பு முகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். அதோடு மைக்கை மூடியவள் பிறகு தொடவே இல்லை. "மைக்கைத் திறந்தால் நம்ம தெரு முழுசும் கிளாஸுக்குள் போய்விடுகிறது" என்று எழுதியிருந்தாள். கல்லூரிக்குப் போகும்போது நல்ல துணி உடுத்தி, தலை வாரி, தெருவை விட்டு வெளியே வந்து, அப்புறம்தான் மற்றவர்கள் முன் நிற்போம். அந்த இடைவெளியை இந்த வகுப்பு ஒரே பட்டனில் எடுத்துவிட்டது. வீடியோவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்திய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. இப்போது அப்படிச் செய்ய மாட்டேன்.

சாட்டில் எழுதியிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தமிழில் தட்டச்ச அண்ணன் போனில் விசைப்பலகை அமைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் ஸ்பெல்லிங் தப்பாகிவிடுமோ, அதை எல்லாரும் பார்ப்பார்களே என்ற பயம். பேச்சில் செய்த தப்பு காற்றோடு போய்விடும், சாட்டில் செய்தது அங்கேயே நிற்கும் என்றாள். பதினேழு வயதில் இதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

வந்து சேர்ந்தும் வராத ஒப்படைப்பு

ஒப்படைப்புகளுக்குக் கூகுள் கிளாஸ்ரூம். என் முதல் கேள்வி, பத்து நடவடிக்கைகளுக்குக் குறிப்பேட்டுப் பதிவு எழுதிப் பேரேட்டில் எடுத்தெழுதுவது, அதாவது நடந்த வரிசையில் குறித்துவிட்டுப் பிறகு கணக்குவாரியாகப் பிரித்து எழுதுவது. அவள் பெயரில் எதுவும் வந்திருக்கவில்லை. போனில் கேட்டபோது "போட்டுட்டேனே மேடம், நவம்பர்லயே போட்டுட்டேன்" என்று அடித்துச் சொன்னாள். அண்ணன் கணக்கில் வகுப்புக் குறியீட்டைப் போட்டு அவளே சேர்ந்திருந்தாள். வகுப்புப் பட்டியலில் கடைசியாக இருந்த அந்த ஆண் பெயரை யாரோ பழைய மாணவர் என்று நான் விட்டுவைத்திருந்தேன். அதைத் திறந்து பார்த்தேன். ஆறு படங்கள் இருந்தன, கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பே இணைத்தவை.

இணைத்த பிறகு அழுத்த வேண்டிய 'டர்ன் இன்' பட்டனை அவள் அழுத்தவில்லை. காரணம் கேட்டேன். "டர்ன்னா திரும்புறது. அதை அழுத்தினா போட்டது திரும்பி வந்துடும்னு நெனச்சேன் மேடம்." தான் படித்த ஆங்கிலத்தை வைத்து நியாயமாகத்தான் யோசித்திருக்கிறாள். ஆங்கிலப் பள்ளிகளில் அந்தச் சொற்றொடரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒப்படைப்பது. செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு அரசுப் பள்ளியில் டர்ன் லெஃப்ட், டர்ன் ரைட் படித்தவளுக்கு அது திரும்புவது. செயலியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. முதல் நாள் அந்தப் பட்டனைக் காட்டி, இதுதான் தாளை மேசையில் வைப்பது என்று நான் ஒரு நிமிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தரையில் நோட்டை வைத்து, மேலிருந்து இரவில் எடுத்தவை. டியூப் லைட் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும், போன் பிடித்த கையின் நிழல் பக்கத்தின் வலது பாதியில் விழுந்திருந்தது. பேரேட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. பற்று முழுவதும் பளிச்சென்று இருந்தது. வரவில் 'ரொக்கக் க/கு' என்ற சொல்வரை தெரிந்தது, தொகைப் பத்தி நிழலுக்குள் போய்விட்டது. கடைசிப் படத்தில் தொகைப் பத்தியே சட்டத்துக்கு வெளியே. கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தேன். தெரிந்தவரை எல்லாப் பதிவும் சரி. இருப்புக் கட்டியதும் சரி. கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டிருந்தாள்.

ஸ்கேன் செய்யும் செயலி இருந்தால் நிழல் இவ்வளவு விழுந்திருக்காது. எங்கள் துறை கொடுத்த வழிகாட்டிக் குறிப்பில் ஒரு செயலியின் பெயரும் இருந்தது, கேம்ஸ்கேனர். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. குறிப்பு தடைக்கு முன்னால் தயாரித்தது, நவம்பரிலும் மாற்றாமல் அப்படியே அனுப்பினோம். அவள் பிளே ஸ்டோரில் தேடு தேடென்று தேடியிருக்கிறாள். மேடம் சொன்ன செயலி தன் போனில் மட்டும் வரவில்லை, போன் மட்டமானது என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

மாற்றியது

முதலில் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்மாவின் பட்டன் போனில் நான் பேச, அண்ணன் போனில் அவள் செய்ய, அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினோம். முக்கால் மணி நேரம் ஆனது. வாட்ஸ்ஆப்பில் லிங்க்கைத் தொட்டால் மறுபடியும் அண்ணன் கணக்கில்தான் திறந்தது. வலது மேல் மூலையில் உள்ள சிறு வட்டத்தைத் தொட்டு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை நாலைந்து தடவை செய்து பழகினாள். மறுநாள் காலை என் திரையில் அவள் பெயர் தட்டியது.

அடுத்து, வகுப்புக்குக் கால் மணி முன்னாலேயே வந்து அறையைத் திறந்து வைத்தேன். பாடம் கிடையாது. வந்து மைக்கைத் திறந்து மூடிப் பார்க்கலாம், வெறும் தாளைப் படமெடுத்து ஒப்படைத்துப் பார்க்கலாம், தப்பானால் சிரிக்க ஆள் இல்லை. அவளுக்காகத் தொடங்கியது. முதல் நாள் "மேடம், கேக்குதா?" என்றாள். கேக்குதும்மா என்றேன். அவ்வளவுதான் அன்றைய பயிற்சி. குழுவில் பொதுவாகச் சொன்ன பிறகு இன்னும் பலர் வரத் தொடங்கினார்கள். அதில் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் இருந்தார்கள், 'டர்ன் இன்' அழுத்தாமல் விட்டவர்களும் இருந்தார்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாரும் தனித்தனியாகத் திணறியிருக்கிறார்கள். ஏழு செயலிகளைச் சொன்ன பழைய குறிப்பை எடுத்துவிட்டு, மூன்றை மட்டும் வைத்து, ஒவ்வொரு பட்டனையும் பேனாவால் வரைந்து பக்கத்தில் தமிழில் எழுதிய ஒற்றைத் தாளைப் படமாக அனுப்பினேன்.

மூன்றாவது நான் திட்டமிட்டது இல்லை. நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அவள் ஊர் அந்தப் பாதைக்கு மிகப் பக்கம். கரண்ட் வர நாட்கள் ஆயின. அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் போட்டு வருவார், அந்தச் சார்ஜில் ஒரு மணி நேர வகுப்பை ஓட்ட முடியாது. பின்தங்கியவர்களுக்காக, ஒவ்வொரு கணக்கையும் ஐந்தாறு நிமிடக் குரல் பதிவாகப் பேசி, எழுதிய பக்கத்தின் படத்தோடு வாட்ஸ்ஆப்பில் அனுப்பத் தொடங்கினேன். புயல் ஓய்ந்து கரண்ட் வந்த பிறகும் நிறுத்தாதீர்கள் என்று கேட்டவள் அவள்தான். அவள் நோட்டில் பாராட்டு கிடைத்த ஒரே கருவி இதுதான்: "மீட்டில் பற்றுப் பக்கம் பார்த்தால் வரவுப் பக்கம் தெரியாது, திரை சின்னது. ஆடியோவில் மேடம் குரல் மட்டும். நிறுத்தி நிறுத்தி எழுதலாம். சந்தேகத்தை நானும் ஆடியோவில் கேட்கலாம், யாருக்கும் கேட்காது." அந்தப் பருவத்தில் அவள் அனுப்பிய கேள்விகள் எல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்த குரல் பதிவுகள். பின்னணியில் பெரும்பாலும் மழைச் சத்தம்.

டிசம்பர் கடைசியில் அண்ணனுக்கு ஒரகடத்திலிருந்து அழைப்பு வந்தது. வேலை திரும்பக் கிடைத்தது வீட்டுக்குப் பெரிய நிம்மதி. போனும் அவரோடு போனது. 2021 ஜனவரியில், கல்லூரி மாணவர்கள் 9,69,047 பேருக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா என்று தமிழக அரசு அறிவித்தது. அவளுக்கும் அட்டை வந்தது, போட்டுக்கொள்ளப் போன் இல்லை. பக்கத்து ஊர் வகுப்புத் தோழியின் போனில் இரண்டாவது சிம் இடம் காலியாக இருந்தது. அதில் செருகி, சைக்கிளில் போய் இருவரும் ஒரே போனில் பார்த்தார்கள். வருகை எடுக்கும்போது தோழி தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை இவள் பக்கம் நகர்த்துவாள். இரண்டு பெயருக்கும் நான் டிக் போட்டேன். கருவி இல்லை, இணைப்பு இல்லை என்ற பேச்சையே எப்போதும் பேசுகிறோம், அதுவும் உண்மைதான். ஆனால் இந்தப் பெண்ணுக்குப் போனும் நெட்டும் கையில் இருந்த முதல் இரண்டு வாரத்தில்தான் என் வகுப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போனே இல்லாத ஜனவரியில் ஒரு நாளும் விடுபடவில்லை. நான் இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே இந்த முரணுக்காகத்தான்.

பிப்ரவரி 8-ல் கல்லூரி திறந்தது. கதவோரம் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது, முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே என் பாடத்தின் ஏழு ஆப்சென்ட்டையும் அடித்து, ஓரத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டேன். ஆறு படங்களுக்கும் உரிய மதிப்பெண் போட்டேன், நிழலில் போன தொகைகளுக்கும் சேர்த்து. மற்றப் பாடங்களுக்கு நவம்பர் மாதப் பட்டியல் ஏற்கனவே அலுவலகத்துக்குப் போய்விட்டது. திருத்தக் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். அவள் அண்ணன் பெயரில் உட்கார்ந்திருந்த அந்த வகுப்புகளில் அவள் இன்றுவரை ஆப்சென்ட்தான்.